ஒற்றைக்கண் அரக்கனைக் காதுக்குக் கொண்டுவருவது எப்படி?

கிரேக்கப் புராணத்தைச் சிறுவர்களுக்கு ஒலி நாடகமாக்க முதலில் நான் கைவைத்தது ட்ராய் நகரத்து மரக்குதிரையில். குதிரையின் பிரம்மாண்டத்தைக் காதுக்குக் காட்ட வழி தெரியாமல் எழுதிய நான்கு பக்கங்களையும் கிழித்துப் போட்டேன். பார்த்தால்தான் வியப்பு என்றிருக்கும் கதை நமக்கு வேண்டாம். பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தில் ஒன்பதாம் பகுதியை எடுங்கள். ட்ராய் போர் முடிந்து ஊர் திரும்பும் ஒடிசியூஸும் அவன் ஆட்களும் ஒற்றைக்கண் அரக்கனின் குகைக்குள் சிக்கிக்கொள்ளும் கதை அது. குகை, வாயிலை அடைக்கும் பாறை, ஆட்டுமந்தை, பாலிஃபீமஸ் என்ற அரக்கன். பாதிக் கதையில் ஒடிசியூஸ் குத்தி, அவனுடைய ஒரே கண்ணும் போய்விடுகிறது. அதற்குமேல் அவனுக்கும் காதுதான், கேட்கும் பிள்ளைக்கும் காதுதான்.

தமிழும் இந்தக் கதைக்குக் கைகொடுக்கிறது. ஒடிசியூஸ் அரக்கனிடம் தன் பெயர் ‘ஊட்டிஸ்’ என்று பொய் சொல்கிறான். ‘யாருமில்லை’ என்று அதற்குப் பொருள். கிரேக்கச் சொல்லை வைத்துக்கொண்டு கதைசொல்லி விளக்கம் கொடுத்தால் சிரிப்பு செத்துவிடும். “என் பெயர் யாருமில்லை” என்றே எழுதிவிடுங்கள். பிறகு அலறல் கேட்டு ஓடிவரும் மற்ற அரக்கர்கள் வெளியிலிருந்து, “உன்னைக் கொல்ல வந்தது யார்?” என்பார்கள். “யாருமில்லை! என்னைக் கொல்ல வந்தது யாருமில்லை!” இந்த இடத்தில் என் அக்காவின் ஏழு வயது மகன் உருண்டு புரண்டு சிரித்து, மூன்று முறை பதிவு வீணானது.

அரக்கன் மனிதர்களைத் தின்னும் இடம்தான் தலைவலி. முறுக்கைக் கடித்து எலும்பு நொறுங்கும் சத்தம் எடுத்தேன். தத்ரூபமாக வந்தது, பக்கத்து வீட்டுச் சிறுமி காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அழித்துவிட்டேன். இப்போது எண்ணிக்கை மட்டும். ஒடிசியூஸுடன் குகைக்குள் வந்தவர்கள் 12 பேர். மாலையில் இருவர், காலையில் இருவர், மறுபடி மாலையில் இருவர். ஒவ்வொரு முறையும் பாறை உருளும், ஆடுகள் அடங்கும், ஒரு குரல் மெல்ல, “பத்து” என்னும். பிறகு, “எட்டு”. பிறகு, “ஆறு”. போதுமான பயம் அதிலேயே இருக்கிறது.

ஒலிகளை இணையத்தில் தேடுவதற்குமுன் சமையலறைக்குப் போங்கள். அம்மியில் குழவியை மெதுவாக இழுத்துப் பதிவுசெய்து, ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதியும் இறங்கிப் பாறை உருளத் தொடங்கும். 22 வண்டிகள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பாறை என்கிறார் ஹோமர், அவசரப்பட்டு இழுக்காதீர்கள். கடலலைக்கு முறத்தில் அரிசி. அரக்கனின் குரலுக்கு வெறும் பித்தளை அண்டாவுக்குள் தலையை நீட்டிப் பேசினால் குகையும் சேர்ந்தே கிடைக்கும். காய்ச்சிய ஒலிவ மரக்கழி கண்ணில் இறங்கும் ஓசைக்குச் சூடான தோசைக்கல்லில் ஒரு கை தண்ணீர் (இதைப் பெரியவர்கள் செய்யுங்கள்). கொல்லன் பழுக்கக் காய்ச்சிய கோடரியைத் தண்ணீரில் முக்கும் ‘சுர்’ரைத்தான் ஹோமரும் உவமையாகச் சொல்கிறார்.

பதிவுக்குக் கைப்பேசியே போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன் நின்று பேசினால் எதிரொலி அடங்கும். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ஒவ்வொரு ‘ப’வும் வெடிக்கும். யாரும் பேசாத அறையை அரை நிமிடம் தனியாகப் பதிவுசெய்து வைத்தால் வெட்டி ஒட்டும் இடங்களை அதைக்கொண்டு மூடலாம். பேசுவது யாரென்று தெரிய, முதல் இரண்டு வசனங்களுக்குள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கவையுங்கள்.

அதிக நேரம் செலவிட்டுச் செய்யவேண்டிய காட்சி கடைசிக்குமுன் வருகிறது. மேயப் போகும் மந்தையோடு குகையிலிருந்து தப்ப, ஒரு கிடாவின் வயிற்றடியில் ஒடிசியூஸ் தொங்குகிறான். கண்ணிழந்த பாலிஃபீமஸ் அந்தக் கிடாவின் முதுகைத் தடவி, எப்போதும் முதலில் போகும் நீ இன்று ஏன் கடைசியில் போகிறாய், எசமானின் கண்ணுக்காக வருந்துகிறாயா என்று கேட்கிறான். நடிப்பவரிடம் இங்கே அரக்கக் குரல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அண்டாவையும் எடுத்துவிடுங்கள். என் அத்தை மகன் இதைக் கிசுகிசுப்பாகவே சொன்னான். பின்னணி இசை சேர்த்துப் பார்த்தேன், கெட்டுப்போனது. பழைய கம்பளியைக் கையால் தடவும் ஒலியும், கீழே ஒருவன் மூச்சை அடக்கும் ஒலியும் போதும்.