ரோஷ் ஹஷானா விருந்து: தட்டில் நடக்கும் தவறுகள்

யூதப் புத்தாண்டு என்றாலே தேனில் தோய்த்த ஆப்பிள் படம்தான் கண்ணில் படும். விஷயம் அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் ஆப்பிள் ஐரோப்பிய யூதர்களிடம் இடைக்காலத்தில் சேர்ந்த வழக்கம். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பாபிலோனியத் தல்மூத் என்ற யூதச் சட்ட நூலில் அபாயே என்ற அறிஞர் வருடப் பிறப்புக்கு ஐந்து பொருட்களைச் சொல்லிவிட்டார்: சுரைக்காய், ருபியா (எது என்று பிறகு பார்ப்போம்), லீக் என்ற வெங்காய இனக் கீரை, பீட் கீரை, பேரீச்சம்பழம். ஸ்பெயின் வழிவந்த செஃபார்டி யூதர்களின் வீடுகளில் இன்றும் தட்டை நிரப்புபவை பெரும்பாலும் இவைதான்.

இவற்றை ராசியான பண்டங்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. இந்த ஐந்துமே பெயரை வைத்து நடக்கும் சிலேடை. லீக்குக்கு அரமேய மொழியில் கர்தி. வெட்டுவதற்கான ஹீப்ருச் சொல் காரத். அதனால் லீக்கைக் கையில் எடுத்து, 'எங்கள் பகைவர் வெட்டுண்டு போகட்டும்' என்று வேண்டுகிறார்கள். தமார் என்ற பேரீச்சைக்கு, பகை தீர்ந்துபோகட்டும் என்ற வேண்டுதல். தட்டில் வைக்கும் மீன் தலைக்குச் சிலேடை வேண்டாம்: 'தலையாக இருப்போம், வாலாக வேண்டாம்.' வேண்டுதலைச் சொல்லாமல் தின்றால் அது வெறும் பொரியல்தான்.

ருபியா எது என்பதில் சண்டைக்கே போகக் கூடாது. உரையாசிரியர் ராஷி வெந்தயம் என்றார். செஃபார்டிகள் காராமணி வைக்கிறார்கள். ருபியாவின் சிலேடை பெருகுவதை வைத்து. மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசிகளோ கேரட்டுக்குப் போய்விட்டார்கள், ஏனென்றால் அவர்களின் இத்திஷ் மொழியில் மெரென் என்றால் கேரட், பெருகுவது இரண்டுமே. ஊருக்கு ஊர் சிலேடை மாறும், அவ்வளவுதான். ஆனால் பீட் விஷயத்தில் கிழங்கை வேகவைத்து வைப்பவர்கள் கவனிக்கலாம்: தல்மூத் சொல்வது கீரையை. சுரைக்காய்க்குப் பதில் வரும் பூசணியும் அமெரிக்காவிலிருந்து பிற்பாடு வந்ததுதான். அதை யாரும் குறை சொல்வதில்லை.

பழக்கமுள்ளவர்களே சறுக்கும் இடம், வரிசை. பழம் சாப்பிடும் முன் சொல்லும் ஆசியைச் சொன்ன கையோடு வேண்டுதலையும் நீட்டி முழக்கிவிட்டு அப்புறம் கடிப்பார்கள். ஆசிக்கும் கடிக்கும் நடுவில் பேச்சு நுழையக் கூடாது என்பது விதி. அதனால் ஆசி, ஒரு சின்னக் கடி, பிறகு வேண்டுதல் என்று போவதே நல்லது. பேரீச்சை தட்டில் இருந்தால் பல வீடுகளில் ஆசியை அதில்தான் தொடங்குகிறார்கள். யூத வேதமான தோரா இஸ்ரேல் நாட்டுக்குச் சொல்லும் ஏழு விளைபொருட்களில் அதுவும் ஒன்று. ஆப்பிள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

லீக்கின் மடிப்புகளையும் பேரீச்சையின் உள்பக்கத்தையும் பிரித்துப் பார்க்காமல் வைக்காதீர்கள். பூச்சி தின்பது தோராவில் தடை. வழக்கத்தைக் காப்பாற்றப் போய் விதியை மீறக் கூடாது. மீன் தலையும் ஆட்டுத் தலையும் இருந்தால் தனித்தனித் தட்டில் வையுங்கள். மீனையும் இறைச்சியையும் சேர்த்துச் சாப்பிடுவதில்லை. மாதுளையில் சரியாக 613 முத்துகள் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்து ஏமாற வேண்டாம். 613 என்பது தோராவின் கட்டளைகளின் எண்ணிக்கை, பழத்தின் கணக்கு அல்ல.

விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு: முந்திரி போட்ட இனிப்பு வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவில் வாழ்ந்த ரப்பி (யூத மதகுரு) மோசே இசர்லெஸ் எழுதிவைத்த வழக்கப்படி, பல அஷ்கெனாசி வீடுகளில் அன்று கொட்டைகளை ஒதுக்குகிறார்கள். கொட்டைக்கான ஹீப்ருச் சொல்லின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 17. பாவத்துக்கான சொல்லும் 17, அதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால். கணக்கில் கொஞ்சம் கள்ளம் உண்டு! கொட்டை சளியைக் கிளப்பி மறுநாள் நீண்ட பிரார்த்தனையைக் கெடுக்கும் என்பது கூடவே சொல்லும் காரணம்.

கோஷர் என்ற யூத உணவு விதி பார்க்கும் வீட்டுக்கு உங்கள் சமையலையும் கொண்டுபோகாதீர்கள். முழுப் பழம் கொடுங்கள். பண்டிகையின் இரண்டாம் இரவுக்கு, அந்தப் பருவத்தில் இன்னும் சாப்பிடாத பழம் ஒன்றை அவர்களே தேடிக்கொண்டிருப்பார்கள். நாளையும் சரியாகப் பாருங்கள்: யூத நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். 2026இல் முதல் விருந்து செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை இரவு.