பள்ளித் திடலில் ஒரு வான்நோக்கு இரவு: புதிய குழுக்களுக்கான செய்முறை

மதுரை வட்டாரத்துப் பள்ளித் திடல்களில் எங்கள் வான்நோக்கர் குழு மாதம் ஒருமுறை தொலைநோக்கி வைத்துப் பொதுமக்களுக்கு வானம் காட்டி வருகிறது. இதே முயற்சியைத் தங்கள் ஊரில் தொடங்க விரும்புபவர்கள் பெரும்பாலும் எந்தத் தொலைநோக்கியை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமானது, வரிசையில் கடைசியாக நிற்பவரும் தம் கண்ணால் பார்த்துவிட்டுப் போக என்ன செய்ய வேண்டும் என்பது. இந்தச் செய்முறை அதை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

நாள் குறித்தல்

நிலா முழுதாக இருக்கும் நாள்தான் சிறந்தது என்று எண்ணி, எங்கள் முதல் நிகழ்ச்சியைப் பௌர்ணமியன்று வைத்தோம். அது தவறு. பௌர்ணமியில் சூரிய ஒளி நிலாவின் மீது நேராக விழுவதால் பள்ளங்களுக்கும் மலைகளுக்கும் நிழலே இருப்பதில்லை. பார்த்தவர்கள் கண் கூசும் வெள்ளைத் தட்டு ஒன்றை மட்டுமே கண்டார்கள். வளர்பிறைப் பஞ்சமியிலிருந்து நவமிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்நாள்களில் நிலா மாலையிலேயே வானில் உயர்ந்து நிற்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டிய பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட நிழலோடு செதுக்கியதுபோலத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களை மழைக்கு விட்டுவிட்டு, தை முதல் சித்திரை வரையுள்ள மாதங்களில் தொடங்குவது நல்லது. அன்று எந்தக் கோள் எங்கே இருக்கும் என்பதை ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் முன்கூட்டியே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவி

6 அங்குல ஆடியும் 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி ஒரு புதிய குழுவுக்குப் போதும். துருவ விண்மீனைக் குறிவைத்து நிறுத்த வேண்டிய தாங்கிகளை நான் பரிந்துரைப்பதில்லை. நம் பகுதியில் துருவ விண்மீன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்திலேயே, அதாவது நீட்டிய கையின் ஒரு முட்டி அளவு உயரத்திலேயே இருப்பதால், பள்ளிக் கட்டடமோ தென்னந்தோப்போ அதை மறைத்துவிடும். டாப்சோனியனைத் தரையில் வைத்து, கையால் தள்ளித் திருப்பினால் போதும்.

இந்த எளிய வடிவத்தைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக வாழ்ந்தவர். அட்டைக் குழாயையும் ஒட்டுப்பலகையையும் கொண்டு தாமே தொலைநோக்கி செய்து, நடைபாதையில் நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் அழைத்துக் காட்டினார். நாம் செய்வதும் அதுவே.

ஐபீஸ் என்று வழங்கும் கண்ணருகு வில்லைகளில் 25 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும் வேண்டும். குவியத் தொலைவை வில்லையின் அளவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும்: முதலாவது 48 மடங்கு, இரண்டாவது 120 மடங்கு. கூட்டத்துக்கு முதலாவதையே பயன்படுத்துங்கள். புவி சுழல்வதால் எந்தப் பொருளும் பார்வையிலிருந்து நகர்ந்துகொண்டே இருக்கும். 48 மடங்கில் அது ஓரத்திலிருந்து ஓரம்வரை கடக்க ஏறக்குறைய 4 நிமிடமாகும். 120 மடங்கில் 2 நிமிடம்கூட நிற்காது, ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தேடிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மாலைக்கு முன்

பெரிய குழாயின் மேல் பொருத்திய, குறிபார்க்க உதவும் சிறு குழாயான ஃபைண்டரை வெளிச்சம் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள். சூரியனுக்கு எதிர்த்திசையில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பெரிய குழாயில் நடுவில் கொண்டுவந்து, பிறகு ஃபைண்டரின் திருகுகளை அசைத்து அதே உச்சியைக் குறுக்குக்கோட்டில் நிறுத்த வேண்டும். இது முடிந்ததும் பெரிய குழாய், ஃபைண்டர் இரண்டின் மூடிகளையும் போட்டுவிடுங்கள். பகலில் மூடியில்லாத தொலைநோக்கியைச் சிறுவன் ஒருவன் சூரியன் பக்கம் திருப்பினால் ஒரு நொடியில் பார்வை போய்விடும். ஆகவே சூரியன் மறையும்வரை கருவியின் பக்கத்தில் உறுப்பினர் ஒருவர் நின்றே ஆக வேண்டும். இந்த விதிக்கு எங்கள் குழுவில் விலக்கே கிடையாது.

தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகக் கருவியைத் திறந்த வெளியில் வைத்தால், ஆடியின் சூடு தணிந்து உருவம் நடுங்காமல் தெரியும். திடலை ஒட்டிய தெருவிளக்கை அணைப்பதற்கு ஊராட்சியிடம் முன்பே சொல்லி வையுங்கள். டார்ச் விளக்குகளின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். சிறுவர்கள் ஏறி நிற்க இரண்டு படிகள் உள்ள உறுதியான முக்காலி ஒன்று கட்டாயம் தேவை. பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லையென்றால் குழந்தை குழாயைத்தான் பிடிக்கும். எனவே முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியின் முதுகைத் திருப்பிப் போட்டு, "இதைப் பிடிச்சுக்கோ கண்ணு" என்று சொல்லுங்கள்.

பார்க்கக் கற்றுக்கொடுத்தல்

நிகழ்ச்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதன்முறை பார்ப்பவர் எதுவும் தெரியாமலே கூச்சத்தால் "தெரியுது" என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். ஆகவே "தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள், "என்ன தெரிகிறது, எந்தப் பக்கம் இருட்டாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கண் சரியான இடத்தில் இல்லை என்று பொருள். வில்லையிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி முகத்தை வைத்து, சிறு ஒளிவட்டம் தெரிந்த பிறகு மெல்ல நெருங்கச் சொல்லுங்கள். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிந்தவர் அதைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். உருப்பிறழ்ச்சி (அஸ்டிக்மாடிசம்) என்ற, கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை அதிகம் உள்ளவர் கண்ணாடியோடு பார்ப்பதே நல்லது.

ஒருவர் கருவியருகிலும் ஒருவர் வரிசையிலும் நிற்க வேண்டும். வரிசையில் நிற்பவரின் பணி, என்ன காணப்போகிறார்கள் என்று முன்னதாகவே சொல்வது. சனியின் வளையம் ஒரு மிளகின் அளவில்தான் தெரியும் என்பதையும், நெபுலா எனப்படும் விண்வெளி வாயு மேகங்களின் படங்களில் காணும் சிவப்பும் நீலமும் இங்கே இருக்காது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறமறியும் செல்கள் வேலை செய்வதில்லை. அதனால் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும். இதை மறைத்தால் பார்ப்பவர் ஏமாறுவார். சொல்லிவிட்டால் அந்தப் புகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

எதைக் காட்டுவது

அந்தி மங்கும்போதே நிலாவில் தொடங்குங்கள். பிறகு வானில் இருக்கும் கோளுக்குப் போங்கள். வியாழன் இருந்தால், 1610-இல் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்களையும் ஒரு சிறுமியிடம் புள்ளிகளாக வரையச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து அவளையே மறுபடி பார்க்கச் செய்யுங்கள். கோளுக்கு அருகில் உள்ள புள்ளி இடம் மாறியிருப்பதை அவளே கண்டுபிடிப்பாள். தை, மாசியில் திருவாதிரைக்குத் தெற்கே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குக் கீழே ஓரியன் நெபுலா இருக்கிறது. அதன் தொலைவு ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் எழும்பிய காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட ஒளி இன்று திடலில் நிற்பவரின் கண்ணில் விழுகிறது.

பங்குனி, சித்திரை இரவுகளில் சப்தரிஷி மண்டலம் வடகிழக்கில் ஏறிவரும். அதன் வாலின் நடு விண்மீனான வசிட்டரையும் அருகிலுள்ள அருந்ததியையும் முதலில் வெறுங்கண்ணால் காட்டி, பிறகு தொலைநோக்கியில் காட்டுங்கள்; வசிட்டரே இரண்டாகப் பிரிந்து தெரிவார். ஒருமுறை எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் வில்லையில் வைத்த கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கல்யாணத்தன்னிக்குக் காலைல ஐயர் மண்டபத்துக் கூரையத்தான் காட்டினாரு. நானும் தெரியுதுன்னு சொல்லிட்டேன். இப்பத்தான் பாக்குறேன்." அவருக்குப் பின்னால் நின்ற முப்பது பேரும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள். அப்படி ஒருவர் நின்று பார்க்கும்போது, வரிசை நீண்டிருந்தாலும் அவரை நகர்த்தாதீர்கள்.

முடித்து எடுத்து வைத்தல்

இரவு ஏறும்போது ஆடியிலும் வில்லைகளிலும் பனி படியும். துணியால் துடைத்தால் மேற்பூச்சில் கீறல் விழும். வீட்டுக்குள் கொண்டுவந்து மூடியைத் திறந்து வைத்து, குழாயைப் படுக்கைவாக்கில் கிடத்தி, ஈரம் தானாக உலர்ந்தபின் மறுநாள் காலையில் மூடுங்கள்.