மொரீஷியஸ்ல சாப்பிடறதுக்குன்னே ஒரு ட்ரிப்: கிழமையும் மணியும் பாத்து பிளான் போடறது எப்படி

போன டிசம்பர்ல கோயம்புத்தூர்லேருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தாங்க. ஞாயித்துக்கிழமை, மணி ரெண்டு ரெண்டரை இருக்கும், வெறும் வயித்தோட ரெண்டு பேரையும் தலைநகர் போர்ட் லூயிஸ்ல கொண்டு போய் எறக்கி விட்டேன். தெருவுல ஈ காக்கா இல்ல. சென்ட்ரல் மார்க்கெட் கேட்டு பூட்டு, சைனாடவுன்ல பாதிக்கு மேல ஷட்டர் கீழ, தள்ளுவண்டி ஒண்ணு கூட கண்ணுல படல. சித்தப்பா ஒரு தடவ சுத்தி முத்தி பாத்துட்டு "என்ன கண்ணு, இன்னைக்கு ஏதாச்சும் பந்த்தா?"ன்னார். கடைசியில பெட்ரோல் பங்க்ல பிஸ்கட் வாங்கிக் குடுத்து வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன். இத்தனைக்கும் நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து போட்ட பிளான் தான் கீழ இருக்கு. அதுக்கப்புறம் வந்த மூணு குடும்பத்துக்கும் இதையே தான் குடுத்தேன், யாரும் பிஸ்கட் சாப்பிடல. விசா, ஃப்ளைட், ரூம் பத்தியெல்லாம் எழுதப் போறதில்ல, அதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு.

முதல் படி: மேப்ப மூடிட்டு கிழமைய எழுதுங்க

என் போன் மேப்புல நாப்பது கடை ஸ்டார் போட்டு வெச்சிருந்தேன், பாக்க அழகா இருக்கும், அவ்ளோ தான். தீவு மொத்தமே வடக்கேருந்து தெக்க சுமார் 65 கிலோமீட்டர், எங்கேருந்து எங்க வேணா போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம். ஆனா நீங்க போற நேரம் கடை இருக்கணுமே. அதனால ஏழு கட்டம் குறுக்க, மூணு கட்டம் நெடுக்க: திங்கள்லேருந்து ஞாயிறு வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் காலை, மத்தியானம், சாயங்காலம். ஸ்ப்ரெட்ஷீட்ல போடலாம், ஆனா நான் கோடு போட்ட நோட்டு தான் சொல்லுவேன், இங்க அடிக்கற வெயில்ல போன் ஸ்க்ரீன்ல ஒரு எழவும் தெரியாது.

இப்போ நகர்த்த முடியாதத மொதல்ல நிரப்புங்க. மஹேபர்க் சந்தை திங்கக்கிழமை. எழுத்துல தான் மஹேபர்க், வாயில மாயபூர்னு சொன்னா தான் பஸ் கண்டக்டருக்குப் புரியும். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு, அதனால ஃப்ளைட்ட திங்கக்கிழமை காலையில வர்ற மாதிரி எடுக்க முடிஞ்சா பெட்டியோட நேரா சந்தைக்கே போயிடலாம். கிழக்குல ஃப்ளாக் சந்தை ஞாயித்துக்கிழமை காலை. போர்ட் லூயிஸ் திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் தான் உசுரோட இருக்கும், சனிக்கிழமை மத்தியானமே ஓஞ்சு போயிடும், ஞாயிறு மார்க்கெட்டு காலையில மட்டும், அதுக்கப்புறம் என்ன ஆகும்னு மேல சொல்லியாச்சு.

இதுல என்னைய ரெண்டாவது தடவையும் கவுத்தது வியாழக்கிழமை. ரோஸ் ஹில், காத்ர் போர்ன், க்யூர்பீப் இந்த மூணு ஊர்லயும் வியாழன் மத்தியானத்துக்கு மேல நெறைய கடைய சாத்திருவாங்க, பழைய வழக்கம். நான் குடியிருக்கறதே காத்ர் போர்ன்ல, ஆனா வியாழன் காலையில எங்க ஊர் மார்க்கெட்டு ஜே ஜேன்னு இருக்கறதால இது எனக்கு உறைக்கவே இல்ல. மார்க்கெட்ட பாத்துட்டு மூணு மணிக்கு ரோஸ் ஹில் போய் சாப்பிடலாம்னு சித்திய கூட்டிட்டுப் போனா, மறுபடியும் ஷட்டர். இந்தத் தடவ சித்தி ஒண்ணும் சொல்லல, கைப்பையிலேருந்து அந்த மிச்ச பிஸ்கட்ட எடுத்தாங்க. அதனால வியாழன் மத்தியான கட்டத்துல ஒரு எக்ஸ் போட்டு, அன்னைக்கு தெக்குப் பக்கம் போயிடுங்க.

ரெண்டாம் படி: தால் பூரிக்கு காலைய ஒதுக்குங்க

தால் பூரி டின்னர் கிடையாது. பத்து மணிக்கு வாங்கினா சூடு, பன்னெண்டரைக்கு க்யூ, ரெண்டு மணிக்கு மேல பல வண்டியில வெறும் தவா தான். ரோஸ் ஹில்ல தேவா கடை ஊரறிஞ்சது, இங்கத்து ஆளுங்க கிட்ட கேட்டா முதல்ல அந்தப் பேர தான் சொல்லுவாங்க. போர்ட் லூயிஸ்லேருந்து மெட்ரோ ஏறினா ரோஸ் ஹில், காத்ர் போர்ன் வழியா க்யூர்பீப் வரைக்கும் போகுது, கார் எடுக்காதவங்களுக்கு இது போதும்.

சாப்பிடாதவங்களுக்காக: வேக வெச்சு பொடிச்ச பருப்ப மைதாக்குள்ள அடைச்சு தேச்சது, நம்ம பருப்பு போளியில வெல்லத்த எடுத்துட்டா வர்றது. கடைக்காரர் ரெண்டு பூரிய ஒண்ணு மேல ஒண்ணு பாதி தள்ளி விரிப்பார், ஒரு கரண்டி பெரிய பயறு கறி, ஒரு கரண்டி ருகாய் (நம்ம தக்காளி தொக்கு மாதிரி), கொஞ்சம் அச்சார், பச்ச மொளகா அரைச்சது, ஒரே இழுப்புல சுருட்டி பேப்பர்ல சுத்தி நீட்டிருவார். நாலு செகண்ட் கூட ஆகாது. நின்னுக்கிட்டே முன்னாடி குனிஞ்சு சாப்பிடணும், நிமிந்தா கறி முழங்கை வழியா எறங்கிடும், வெள்ள சட்ட போட்டுட்டுப் போகாதீங்க.

மூணாம் படி: "என் பேர்"

இங்க தான் நான் மொத வருஷம் மாட்டினது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். க்யூவுல எனக்கு முன்னாடி நின்ன அம்மா "தே பேர்"னு கேட்டாங்க. 'தே'ன்னா ரெண்டுன்னு தெரியும். 'பேர்'னதும் நான் அடடா, தமிழ் குடும்பம் போல, ஆள் கணக்குல கேக்கறாங்கன்னு நெனச்சு பூரிச்சுப் போயிட்டேன். எங்க வீட்டுல நாலு பேர், ஆளுக்கு ஒண்ணு, அதனால "காத் பேர்"னேன். எட்டு பூரி வந்துச்சு. ஆளுக்கு ரெண்டு ரெண்டா எல்லாரும் தின்னு தீத்துட்டாங்க, அதனால தப்பு தெரியவே இல்ல. அடுத்த வாரம் தனியா போனேன், எனக்கு மட்டும் ரெண்டு வேணும், "தே பேர்"னேன். நாலு. வேண்டாம்னு சொல்லவும் வெக்கம், பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்து மூணு சாப்பிட்டு ஒண்ண பையில போட்டுக்கிட்டு வந்தேன்.

விஷயம் என்னன்னா இங்க எல்லாரும் பேசற கிரியோல் மொழியில 'பேர்'னா ஜோடி. தால் பூரி எப்பவும் ஜோடியா தான் விப்பாங்க. ஒண்ணுங்கறதுக்கு 'என்'. ஆக ஒரு ஜோடி வேணும்னா "என் பேர்". கடைக்காரர் கிட்ட போய் என் பேர்னு சொல்லிட்டு பேர சொல்லாம நின்னா போதும், பூரி வந்துரும். நம்மாளுங்களுக்கு இத விட லேசா ஞாபகம் வெச்சுக்க முடியுமா.

கேக்கறதுக்கு முன்னாடி "போன்ஸூர்" சொல்லுங்க, சொல்லாம நேரா ஆர்டர் பண்ணா மொகம் சுருங்கும். "அவெக் பிமா?"ன்னு கேட்டா காரம் போடவான்னு அர்த்தம். வீரம் காட்டாம மொத நாள் "திகித்"னு சொல்லுங்க, கொஞ்சமா. இந்த பிமா தான் கதோ பிமாவுலயும் வர்றது, அது வேற ஒண்ணுமில்ல, நம்ம பருப்பு வடை, கோலிகுண்ட விட கொஞ்சம் பெருசு. வெண்ணெய் தடவின ரொட்டிக்குள்ள அஞ்சாறு வடைய நசுக்கி வெச்சு காலையில சாப்பிடுவாங்க. எனக்கு மஹேபர்க் சந்தையில சுடச்சுட எண்ணெய்லேருந்து எடுக்கறது தான் பிடிக்கும்.

மார்க்கெட்டுல காது குடுத்துக் கேளுங்க: கொத்தமல்லி 'கொத்தொமிலி', கறிவேப்பில 'கரிபூலே', முருங்கக் கீரை 'ப்ரெத் முரூம்', பீர்க்கங்காய் 'பிபெங்காய்'. எங்க அத்தைக்குத் தமிழ் பேச வராது, ஆனா அவங்க காய்கறி லிஸ்ட் மட்டும் எனக்கு முழுசா புரியும். ரூபா நோட்டுலயும் தமிழ் எழுத்து இருக்கும், சித்தப்பா ஒண்ண செலவு பண்ணாமலே ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டார்.

நாலாம் படி: போர்ட் லூயிஸ் ஒரு முழு நாள்

செவ்வாயோ புதனோ வெச்சுக்கோங்க. சென்ட்ரல் மார்க்கெட்டுல அலூடா பிள்ளை கடை. அலூடா நம்ம ஜிகர்தண்டாவுக்கு ஒண்ணு விட்ட தம்பி: பால், கடல்பாசி, சப்ஜா விதை, ஜில்லுனு. கிளாஸ நிமித்தி ஒரே மூச்சுல குடிக்கறாங்க, நான் ஸ்பூன் கேப்பேன். மத்தியானம் அப்படியே நடந்து ராயல் ரோடு சைனாடவுன். அங்க புலெத், அதாவது சூப்புல மிதக்கற உருண்டை. நியூக் யென்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது சௌசௌ காய்ல பண்றது, இங்கயும் அந்தக் காய்க்கு 'சூசூ' தான் பேரு. வழவழன்னு, உள்ள லேசா நறுக்குனு. போல் ரான்வெர்சேன்னு இன்னொண்ணு, கிண்ணத்துல அடியில முட்ட, மேல கறியும் காயும், அதுக்கு மேல சோறு அழுத்தி அப்படியே தட்டுல கவுத்துவாங்க. கிண்ணத்த தூக்கும்போது முட்ட நடுவுல உக்காந்திருக்கும், குழம்பு நாலு பக்கமும் வழியும்.

மெனு போர்ட பாத்து நான் "மீன் ஃப்ரீ"னு வாசிச்சதும் சித்தி "எனக்கு அந்த மீனே சொல்லிரு"ன்னாங்க. மீன்னா இங்க நூடுல்ஸ். தட்டு வந்ததும் கொஞ்ச நேரம் கிளறி மீன தேடினாங்க.

அஞ்சாம் படி: உக்காந்து சாப்பிடற இடத்துக்கு போன் பண்ணுங்க

மோகாங்கற ஊர்ல யுரேகா, 1830ல கட்டின பழைய கிரியோல் வீடு, வராந்தாவுல உக்காந்து சாப்பாடு. அதே பக்கம் எஸ்கால் கிரியோல், வீட்டு சாப்பாடு, முன்கூட்டியே சொல்லி வெக்கணும். தெக்க புவா ஷெரி தேயிலத் தோட்டம், 1892லேருந்து இருக்கு, ஏரிய பாத்த மாதிரி ரெஸ்டாரன்ட், வென்னிலா போட்ட டீ. அங்கேருந்து கீழ எறங்கினா செயின்ட் ஓபின், 1819 வீடு. இந்த ரெண்டையும் அந்த வியாழக்கிழமையில போடுங்க. ஷமாரெல்ங்கற மலை ஊருக்கு ஏறினா பனங்குருத்து சாலடும் மான் கறியும், ஆனா கொண்ட ஊசி வளைவு, இருட்டறதுக்கு முன்ன எறங்கிடுங்க.

இதுல ஒரு இடத்துக்கு, எதுன்னு வேணாம், ஈமெயில் போட்டுட்டு பதில் வராததையே சம்மதம்னு எடுத்துக்கிட்டு அஞ்சு பேர் போய் நின்னோம். இன்னைக்கு ஆளுக்கு அளவா சமைச்சாச்சு மேடம்னு மரியாதையா சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க. திரும்பற வழியில ரோட்டோரம் அன்னாசிப்பழத்த சுருள் சுருளா சீவி உப்பு மொளகா புளித்தண்ணி போட்டுத் தந்தாங்க, அந்த ட்ரிப்லயே சித்தப்பா ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினது அது ஒண்ணு தான். ஈமெயில் வேண்டாம். வாட்ஸ்அப் பரவால்ல, போன் நல்லது, மொத நாள் இன்னொரு தடவ கூப்பிட்டு கேட்டுக்கோங்க.

எடுத்துட்டுப் போக

சில்லற காசு, தள்ளுவண்டிக்கு கார்டு எடுபடாது. துணிப்பை, 2016லேருந்து பிளாஸ்டிக் பைக்கு இங்க தடை. ஒரு எவர்சில்வர் டப்பா, மூடி கிளிப் வெச்சது. அந்த ஃபேன்சி சிலிகான் டப்பால கறி வாசன போகவே போகாது.

அப்டேட்: சைவம் சாப்பிடறவங்க நெறைய பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. தால் பூரி, கதோ பிமா, அலூடா பயப்படாம சாப்பிடலாம். சைனீஸ் தான் சிக்கல், கறி இல்லாம போடுன்னா கறித்துண்ட மட்டும் எடுத்துட்டு முட்டையும் ஆய்ஸ்டர் சாஸும் போட்டுக் குடுத்துருவாங்க, புலெத் சூப்பும் எலும்புத் தண்ணியா இருக்கலாம். "சான் லாவியான், சான் புவாசோன், சான் திசேஃப்"னு மூணையும் சொல்லுங்க: கறி, மீன், முட்ட இல்லாம. சாஸ தனியா கேளுங்க.

இன்னொரு அப்டேட்: ஒருத்தர் கிராமத்துல டின்னர் முடிச்சுட்டு பஸ்ஸுக்கு நின்னு மாட்டிக்கிட்டாராம். ஆறு, ஆறரைக்கு மேல பஸ்ஸ நம்பாதீங்க, சாயங்கால கட்டத்துல ரூமுக்குப் பக்கத்துல இருக்கறத மட்டும் எழுதுங்க.

கடைசி கேள்வி, ஏழு கறி, அதாவது இலையில ஏழு வகை காய் போடற சைவ சாப்பாடு, எங்க கெடைக்கும்? ஹோட்டல்ல தேடாதீங்க. தைப்பூசக் காவடி இங்க அரசு விடுமுறை, ஜனவரி கடைசியிலயோ பிப்ரவரியிலயோ வரும், பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுத்து முடிஞ்சதும் கோயில்ல இலை போடுவாங்க. எங்க ஊர்ல கோர் த கார்த் மலை மேல முருகன் கோயில். வாழைக்காய், பலாக்காய், பூசணின்னு வரிசையா வந்துக்கிட்டே இருக்கும், ரசத்துக்கு 'ராசோன்'னு பேரு. செருப்ப கீழயே விட்டுட்டு ஏறுங்க, ஆனா படி கொதிக்கும், பத்து மணிக்கு முன்னாடி மேல இருக்கணும்.