வாடகைக் காரை ஓட்டிப் பார்த்து மாடலுக்குத் தீர்ப்பு சொல்பவர்கள் செய்யும் தவறுகள்

என் மாமா ஒருவர் கார் வாங்கும் யோசனையில் இருந்தார். ஷோரூமில் பக்கத்து இருக்கையில் விற்பனையாளரை வைத்துக்கொண்டு ஓட்டும் பத்து நிமிடம் போதாது என்று, அதே மாடலைக் கோயம்புத்தூரில் இரண்டு நாள் செல்ஃப் டிரைவுக்கு எடுத்து, குடும்பத்தோடு வால்பாறை போய் வந்தார். யோசனை நல்லதுதான். வந்ததும் சொன்ன தீர்ப்புதான் வேறு மாதிரி. "மாப்ளே, வண்டி சுத்த வேஸ்ட். பிக்கப்பே இல்லை. ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குது. இடது பக்கமே இழுக்குது. மைலேஜ் பதினொன்னு."

திருப்பிக் கொடுக்கும் முன் அந்த வண்டியை நான் பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போனேன். முன் டயர்களில் காற்றழுத்தம் இடதில் 22 பிஎஸ்ஐ, வலதில் 26. கதவுத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்தது 33. நாலு டயருக்கும் காற்று நிரப்பியதும் ஸ்டியரிங் பாதி லேசாகிவிட்டது, இழுப்பும் போய்விட்டது. மாமா இரண்டு நாள் திட்டியது அந்தக் கம்பெனியின் பொறியாளர்களை. திட்டு வாங்கியிருக்க வேண்டியது காற்று பார்க்காத வாடகைக்காரரும், பார்க்காமல் எடுத்த மாமாவும்.

வாடகைக் கார் நமக்குச் சொல்வதில் பாதி அந்த மாடலைப் பற்றியது. மீதிப் பாதி அந்த ஒரு வண்டியையும், நமக்கு முன்னால் அதை ஓட்டிய ஐம்பது பேரையும் பற்றியது. இரண்டையும் பிரித்துப் பார்க்காததுதான் மற்ற எல்லாத் தவறுக்கும் மூலம்.

எடுத்த உடனே கிளம்பிவிடுவது

சாவியை வாங்கியதும் போட்டோ எடுக்கிறோம், கீறல் எண்ணுகிறோம். அதெல்லாம் முன்பணத்தைக் காப்பாற்ற. வண்டியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இன்னும் ஐந்து நிமிடம் ஆகும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவோரத்திலோ காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும். நம் ஊர்ச் சிறு கார்கள் பெரும்பாலானவற்றுக்கு 30-க்கும் 36-க்கும் நடுவில்தான் வரும். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்றும் பல ஸ்டிக்கர்களில் தனியாகப் போட்டிருப்பார்கள். டயர் சூடாவதற்கு முன், முதல் பெட்ரோல் பங்கிலேயே பார்த்துவிட வேண்டும். இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தால் அழுத்தம் சில புள்ளி கூடக் காட்டும். 'சரியாத்தான் இருக்கு' என்று ஏமாந்துவிடுவோம்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு டயரும் நான்கு கம்பெனி, நான்கு வயது என்றால், சாலை இரைச்சலையும் மழைநாள் பிடிமானத்தையும் பற்றிக் கருத்துச் சொல்லும் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

அப்புறம் கிளட்ச். பெடலைக் கிட்டத்தட்ட முழுதாக விட்ட பிறகுதான் வண்டி நகர்கிறதா? தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அந்த வண்டியை வைத்துப் 'பிக்கப் இல்லை' என்று எழுதினால், எழுதியது கிளட்ச் தட்டின் கதை.

இன்னொன்று, நம்பர் பிளேட்டைப் பாருங்கள். முறைப்படி செல்ஃப் டிரைவுக்குப் பதிவான கார் என்றால் கருப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. தெரிந்தவர் மூலம் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைப் பிளேட் வண்டியை வாடகைக்கு விட அனுமதி கிடையாது. மோதினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க இடமிருக்கிறது.

பெயர் ஒன்று, வண்டி வேறு

'ஸ்விஃப்ட் ஓட்டினேன்' என்று ஒருவர் சொன்னால் நான் கேட்பது, எந்த வருட ஸ்விஃப்ட் என்றுதான். 2024 மே மாதம் வந்த தலைமுறையில் இருப்பது மூன்று சிலிண்டர் என்ஜின், சுமார் 82 குதிரைத்திறன். அதற்கு முந்தையதில் நான்கு சிலிண்டர், சுமார் 90. பெட்ரோல் மிச்சப்படுத்துவதில் புதியது மேல். சிக்னலில் நிற்கும்போது இருக்கையில் தெரியும் மெல்லிய அதிர்வில் பழையதே சுகம். வாடகைக் கடையில் இரண்டும் ஒரே பெயரில், பெரும்பாலும் ஒரே வாடகையில் நிற்கும். பழையதை ஓட்டிப் பார்த்துவிட்டுப் புதியதை புக் செய்பவர், ஓட்டியே பார்க்காத வண்டியை வாங்குகிறார்.

எரிபொருள் இன்னொரு குழப்பம். வேகன் ஆர் ஒரு லிட்டர் என்ஜின் பெட்ரோலில் சுமார் 67 குதிரைத்திறன் தரும். சிஎன்ஜியில் ஓடும்போது 57. மலையில் இந்தப் பத்து எங்கே போனது என்று உடனே தெரியும். டிக்கியில் பாதியை எரிவாயு சிலிண்டர் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தும் 'டிக்கி சின்னது' என்று அந்த மாடலையே குறை சொன்னவரை எனக்குத் தெரியும்.

டாக்ஸிக்கென்றே தனியாக விற்கும் வகைகளும் உண்டு. மாருதியில் 'டூர்' என்று பெயர் வைத்து விற்பது அப்படித்தான். 80 கிலோமீட்டரைத் தாண்டவிடாத வேகக்கட்டுப்பாடு அவற்றில் உண்டு. நெடுஞ்சாலையில் லாரியை முந்தப் போய்ப் பாதியில் வண்டி மூச்சடைத்தால், முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். எதற்கும் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யைப் பிரித்துத் தயாரிப்பு மாதம், எரிபொருள், வகை மூன்றையும் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்று என்று நினைப்பது

நான் அதிகம் கேட்கும் தவறான தீர்ப்பு இது: "ஆட்டோமேட்டிக் எடுத்தேன், தலையாட்டிக்கிட்டே போகுது, எனக்கு வேண்டாம்பா."

அவர் ஓட்டியது பெரும்பாலும் ஏஎம்டி. 2014-இல் செலேரியோவில் வந்து நம் ஊரில் பரவிய நுட்பம் அது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஒரு சிறு கருவி செய்கிறது, அவ்வளவுதான். கியர் மாறும் அந்தக் கணத்தில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறும். நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருந்தால் அந்த இடைவெளி தலையாட்டலாகத் தெரியும். மேனுவல் ஓட்டும்போது கியர் மாற்றுகையில் காலைத் தளர்த்துவோம் இல்லையா, அதே தளர்வை இங்கேயும் கொடுத்தால் ஆட்டம் பாதியாகக் குறையும். மலையில் லீவரை மேனுவல் நிலைக்குத் தள்ளி இரண்டாவது கியரிலேயே வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி இருப்பது தெரியாமலேயே வண்டியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் ஏராளம்.

இந்த வகையை வாடகையில் எடுக்கும்போது இன்னொரு சிக்கல். ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது, பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து நிறுத்துவார்கள் சிலர். கிளட்ச் அங்கே வேகும். கருகல் வாடை கூட வரும். சர்வீஸ் சென்டரில் கணினியை இணைத்து, கிளட்ச் கடிக்கும் இடத்தை வண்டிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் உண்டு. எல்லா வாடகை வண்டிக்கும் அதை யார் செய்துகொண்டிருக்கப் போகிறார்கள்? ஆக, வாடகை ஏஎம்டியின் ஆட்டம் புது ஏஎம்டியின் ஆட்டத்தைவிடக் கூடவே இருக்கும்.

மாருதியின் ஃப்ரான்க்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 லிட்டர் என்ஜினோடு வந்தால் ஏஎம்டி. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஒரு லிட்டர் டர்போ என்ஜினோடு வந்தால், திரவம் வழியாகப் பலத்தைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக். வெளியே ஒரே உடம்பு, உள்ளே இரண்டிலும் 'டி' என்ற ஒரே எழுத்து. ஓட்டினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கடைக்காரரிடம் "ஆட்டோமேட்டிக்கா?" என்று கேட்டால் பயனில்லை, எந்த ஆட்டோமேட்டிக் என்று கேட்க வேண்டும்.

மலையேற்றிவிட்டு என்ஜினைத் திட்டுவது

புது ஸ்விஃப்டின் எடை சுமார் 920 கிலோ. ஐந்து பேர், ஆளுக்கு 65 கிலோ, மேலே பெட்டிகளும் முறுக்கு டின்னும் சேர்த்து ஐம்பது கிலோ என்று வைத்தால் 375 கிலோ. வண்டி எடையில் நாற்பது சதவீதத்தைக் கூடுதலாக ஏற்றி, மே மாத வெயிலில் ஏசியையும் முழு வேகத்தில் வைத்து, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் எந்தச் சிறு என்ஜினும் முனகத்தான் செய்யும். ஊட்டி என்றால் இன்னும் ஒரு கணக்கு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் ஏறக்குறைய அதே அளவு பலத்தை இழக்கும்.

அதற்காக மலைக்குப் போக வேண்டாம் என்பதில்லை. நீங்கள் அடிக்கடி போகப்போவது மலைக்குத்தான் என்றால் அங்கேதான் சோதிக்க வேண்டும். போவதே தீபாவளிக்கும் கோடை லீவுக்கும் மட்டும் என்றால், தினமும் ஆபீஸ் போகும் சாலையில் தனியாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. மாமா தினமும் போவது கோவைக்குள்ளேயே இருக்கும் பீளமேட்டுக்கு.

இறங்கும்போது பிரேக் பிடிப்பு குறைகிறது என்பவர்களுக்கு: ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நாலாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் எந்தக் கம்பெனி பிரேக்கும் சூடேறும்.

மைலேஜ் கணக்கு

அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நாலு லிட்டர் போட்டேன், பதினைந்து தருகிறது என்பார்கள். பங்கில் நாசில் கொஞ்சம் முன்னால் கட் ஆனாலோ, அந்தப் பையன் ரவுண்டாக வர இன்னும் கொஞ்சம் ஊற்றினாலோ அரை லிட்டர் வித்தியாசம் வரும். மூன்றரை என்றால் பதினேழு, நாலரை என்றால் பதின்மூன்று. ஒரே வண்டி, ஒரே பயணம். முந்நூறு கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் மைலேஜைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம். ஃபுல் டேங்கில் தொடங்கி, முடிந்தால் அதே பங்கில் ஃபுல் டேங்க் போட்டுக் கணக்குப் பாருங்கள். டேஷ்போர்டு திரையில் வரும் எண் முன்னால் ஓட்டியவரின் சராசரியாகவும் இருக்கலாம். எடுக்கும்போதே அதை ரீசெட் செய்துவிட வேண்டும். விளம்பரத்தில் வரும் 24.8 போன்ற எண்கள் ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தவை. அதோடு ஒப்பிட்டால் எந்த வண்டியும் தோற்கும்.

இழுப்பு விஷயத்திலும் ஒரு சின்னக் குறிப்பு. மழைத்தண்ணீர் வடிய நம் சாலைகளை இடது ஓரத்துக்குச் சரிவாகத்தான் போடுகிறார்கள். ஸ்டியரிங்கை விட்டால் வண்டி மெல்ல இடதுபக்கம் நகர்வது இயல்பு. சமதளமான இடத்திலும் இழுத்தால் காற்றோ சக்கர அலைன்மென்ட்டோ. எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் சக்கர பேலன்சிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க். இவை எல்லாம் பராமரிப்புக் குறைகள், மாடலின் குறைகள் அல்ல.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது

இத்தனையும் கழித்தால் என்ன மிஞ்சும்? ஷோரூம் டெஸ்ட் டிரைவில் கிடைக்காதது நிறைய மிஞ்சுகிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு முதுகு என்ன சொல்கிறது? வளைவில் முன்தூண் சாலையை மறைக்கிறதா? பின்னால் உட்கார்ந்தவருக்கு ஏசி காற்று வருகிறதா? இரவில் முகப்பு விளக்கு பள்ளத்தை நேரத்தோடு காட்டுகிறதா? இவை நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியிலும் ஷோரூம் வண்டியிலும் பெரிதாக மாறாது. வாடகைக் கார் நேர்மையாகச் சொல்வது இதைத்தான். நாமோ பிக்கப்பையும் மைலேஜையும் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறோம்.

மாமாவிடம் அப்புறம் கேட்டேன்: "அதெல்லாம் விடுங்க மாமா, பாட்டி எப்படி ஏறி இறங்குனாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் சிரமமே. சீட்டு ரொம்பத் தாழ்வு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரு கை குடுத்துத்தான் தூக்குனோம்."

அடுத்த வாரம் சற்று உயரமான வேறொரு மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார். இந்த முறை முதலில் பஞ்சர் கடைக்குப் போனார், அப்புறம் பாட்டியைக் கூட்டிக்கொண்டு பேரூர் கோயிலுக்கு.