பிள்ளைகள் நிறைந்த வீட்டு விசேஷங்கள்: எதைச் சேர்த்துச் செய்யலாம், எதைத் தனியாகச் செய்ய வேண்டும்

அண்ணன் தம்பி மூன்று பேர், ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள், கட்டிக்கொடுத்த அக்காவின் பிள்ளைகள் வேறு. இப்படிப்பட்ட குடும்பத்தில் மூத்த பேரனுக்குத் தொட்டில் போட்டதிலிருந்து எல்லாமே விமரிசையாக நடந்திருக்கும். ஐந்தாவது பிள்ளை பிறக்கும்போது யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதற்குப் பல் முளைத்ததே பத்து நாள் கழித்துத்தான் தெரியவரும். மொட்டையோ, “அடுத்த வருஷம் எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுக்கலாம்” என்று தள்ளிக்கொண்டே போகும். கடைக்குட்டிக்கு இப்படிக் குறைந்துபோவதற்குப் பெரும்பாலும் பணம் காரணமில்லை. பொறுப்பு யாருடையது என்று யாரும் முடிவு செய்யாததுதான் காரணம்.

ஒரு விதியை வைத்துக்கொண்டால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும். ஊரைக் கூட்டிச் செய்கிற விசேஷத்தை இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சேர்த்தே செய்யுங்கள். வீட்டுக்குள் முடிகிற விசேஷத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள். மொட்டை, காதுகுத்து போன்றவற்றுக்கு மண்டபம், சமையல், பங்காளிகளின் விடுமுறை எல்லாம் வேண்டும். அதைச் சேர்த்துச் செய்தால் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் குறையாது. பல் முளைப்பது, வாசற்படி தாண்டுவது, முதல் அடி வைப்பது எல்லாம் அந்தந்தப் பிள்ளையின் உடம்பு குறிக்கிற நாள். அதை இன்னொரு பிள்ளைக்காகக் காத்திருக்க வைப்பது சரியில்லை.

வீட்டுக்குள் செய்பவை

முதலில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பாளரைக் குறித்துவிடுங்கள். அது தாயாக இருக்கக் கூடாது. கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கமே இல்லாதபோது கொழுக்கட்டைக்கு மாவு பிசையச் சொல்வது நியாயமில்லை. அத்தை, சித்தி, பெரியம்மா, கல்லூரியில் படிக்கிற மாமா, யாராக இருந்தாலும் சரி, ஒரு பிள்ளைக்கு ஒருவர். குப்புற விழுந்ததா, உட்கார்ந்ததா, பல் தெரிகிறதா என்று கவனித்துக் குறித்துவைத்து, ஏழு நாளுக்குள் அதைக் கொண்டாடிவிடுவது அவர் வேலை. வியாழன், வெள்ளி சாயங்காலம் அரை மணி நேரம் போதும். ஞாயிறு வரட்டும் என்று காத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் ஊரில் இருக்க மாட்டார். அது மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

அடுத்தது ஒரு டிரங்குப் பெட்டி. வெள்ளைத் துணி ஒன்று, தாம்பாளம் ஒன்று, கிண்ணம், சின்ன விளக்கு, திரி, குங்குமச் சிமிழ், பேனா, புத்தகம், இவை எப்போதும் அதிலேயே இருக்கட்டும். சமையலறையில் வறுத்த அரிசி மாவு அரைக் கிலோ, பொடித்த வெல்லம், ஃப்ரீசரில் துருவிய தேங்காய் ஒரு மூடி. இவ்வளவு இருந்தால் காலையில் பல் தெரிந்த பிள்ளைக்குச் சாயங்காலம் கொழுக்கட்டை தயார்.

இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் இன்றைக்கும் விடாமல் செய்கிற பல்லுக்கொழுக்கட்டை, எந்தத் தமிழ் வீட்டுக்கும் பொருந்துகிற அழகான வழக்கம். பெரும்பாலும் ஆறு மாதத்தை ஒட்டி முதல் பல் வரும். நான்கு மாதத்திலும் வரலாம், ஒரு வயது வரைக்கும் ஆகலாம்.

இருபது கொழுக்கட்டைக்கு வறுத்த அரிசி மாவு இரண்டு கப், தண்ணீர் இரண்டேகால் கப், உப்பு அரை டீஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன். பூரணத்துக்கு அரை கப் பாசிப்பயறை வாசம் வரும்வரை வறுத்து, தோல் நீக்கி, குழையாமல் அவித்துத் தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள். ஒரு கப் தேங்காய்த் துருவல், முக்கால் கப் வெல்லம், ஏலக்காய்ப் பொடி சேர்த்து, ஈரம் வற்றிக் கையில் உருட்ட வரும்வரை கிளறுங்கள். தண்ணீரை உப்பும் எண்ணெயும் போட்டுத் தளதளவென்று கொதிக்கவைத்து மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, ஈரத் துணி போட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்த பிறகு சூட்டோடு பிசைய வேண்டும். வட்டமாகத் தட்டி, பூரணம் வைத்து, அரை நிலாவாக மடித்து, ஓரத்தை விரலால் பல் பல்லாகக் கிள்ளிவிட்டு, பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். சிலர் மேலே தேங்காயைப் பல்போலச் சீவிச் செருகுவார்கள்.

ஓரம் வெடித்தால் தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை, அல்லது பிசைவதற்குள் மாவு ஆறிவிட்டது என்று அர்த்தம். உள்ளிருந்து பாகு ஒழுகினால் பூரணத்தில் ஈரம் நின்றிருக்கிறது. ரப்பர் மாதிரி இழுத்தால் தண்ணீர் கூடிவிட்டது. அடுத்த முறை கால் கப் குறையுங்கள்.

பூரணம் வைக்காமல் அதே மாவில் ஒரு கிண்ணம் சிறு உருண்டைகளும் செய்து தனியாக அவித்துக்கொள்ளுங்கள். குழந்தையை உட்காரவைத்து, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, இந்த உருண்டைகளைச் சொரிவார்கள். இவை முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெளியே ஆறினாற்போலத் தெரியும், உள்ளே சூடு நிற்கும். ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டே எடுத்துப் போங்கள். சொரிந்த மறுநிமிடம் துணியோடு சேர்த்து எல்லா உருண்டைகளையும் வாரி எடுத்துவிட வேண்டும். ஆறு ஏழு மாதக் குழந்தை கைக்குக் கிடைத்ததை வாயில் போடும். உருண்டை தொண்டையில் அடைத்துவிடும். சுற்றி ஓடுகிற மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் பாசத்தோடு ஊட்டிவிடவும் பார்ப்பார்கள், அதனால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பிறகு தாம்பாளம். புத்தகம், பேனா, நகை, பணம் என்று வைத்து, குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பது. சில்லறைக் காசு வைக்காதீர்கள், நோட்டு வையுங்கள். கத்தரி வேண்டாம். பேனாவின் மூடியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தடவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் நரம்புகளைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கலாம். கொழுக்கட்டை பெரியவர்களுக்கு, குழந்தைக்கு மசித்த பயறு ஒரு விரல் நுனி போதும். அதுவும் ஆறு மாதம் நிறைந்திருந்தால் மட்டும்.

வாசற்படி தாண்டும்போதும் முதல் அடி வைக்கும்போதும் வீட்டுக்கு வீடு ஒரு பலகாரம் உண்டு, அப்பமோ கொழுக்கட்டையோ. எதுவானாலும் மூத்த பிள்ளைக்கு என்ன செய்தீர்களோ அதையே கடைசிப் பிள்ளைக்கும் செய்யுங்கள். நடக்கத் தொடங்குகிற வயது ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை மாறும். “அவன் பத்து மாசத்துலயே நடந்தான்” என்ற பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்க வேண்டாம்.

மூன்று பிள்ளைக்கு ஒரே நாளில் மொட்டை, காதுகுத்து

ஒற்றைப்படை மாதமோ ஒற்றைப்படை வயதோ பார்ப்பது வழக்கம். ஒரு பிள்ளைக்குப் பதினோரு மாதம், இன்னொன்றுக்கு மூன்று வயது, இன்னொன்றுக்கு ஐந்து என்று பொருந்துகிற காலத்தைத் தேடுங்கள். நான்கு மாதம் முன்பே நாள் குறித்தால்தான், அறுபது நாளுக்கு முன்பு ரயில் முன்பதிவு தொடங்கியதுமே வெளியூரில் இருப்பவர்கள் டிக்கெட் எடுக்க முடியும். குலதெய்வக் கோயில் என்றால் பூசாரியிடம் முதலில் கேளுங்கள். சிவராத்திரி, பங்குனி உத்திரக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொண்டால் கைக்குழந்தைக்குத் தாங்காது. தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். ஆறு, பத்து, பதினான்காவது வார ஊசிகள் மூன்றும் முடிந்திருந்தால் ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) பாதுகாப்பு கிடைத்திருக்கும். காது குத்துவதற்கு அது நல்லது. ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் விசேஷத்தை வைக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் எதனால் வந்தது என்றே தெரியாது.

இனி மிகக் கவனமாகத் திட்டமிட வேண்டியது தாய்மாமன் விஷயம். மூன்று மருமகள்களின் பிள்ளைகள் என்றால் மாமன்மார் மூன்று வீட்டார். கூடவே மகளின் பிள்ளையும் இருந்தால், இந்த வீட்டு அண்ணன் தம்பிகளே அதற்குத் தாய்மாமன்கள்; தன் பிள்ளைக்குத் தகப்பனாக நிற்பவரே அக்கா பிள்ளையை மடியில் வைத்து உட்காரவும் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் நடக்காது. ஆகவே எந்தப் பிள்ளை, எந்த மாமன் மடி, எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பத்திரிகையில் பிள்ளைகள் பெயர் வயது வரிசையில் இருக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே தாய்மாமன்கள் பெயர் விடுபடாமல் வேண்டும். அச்சுக்குப் போகுமுன் மூன்று மருமகள்களும் ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.

சீர்த்தட்டில்தான் மனத்தாங்கல் வரும். வசதியான மாமன் இருபத்தொரு தட்டு கொண்டுவந்து, இன்னொருவர் ஐந்தோடு நின்றால், அந்த மருமகள் ஆண்டுக்கணக்கில் அதைச் சுமப்பாள். இரண்டு மாதம் முன்பே வீட்டுப் பெரியவர் மூன்று சம்பந்தி வீட்டுக்கும் பேசி, தலைக்கு ஒன்பது தட்டு என்று ஒரே கணக்காக வைத்துக்கொள்ளலாம். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள் குங்குமம், இனிப்பு, பிள்ளைக்குத் துணி, பெற்றோருக்குத் துணி, கடுக்கனும் அரைஞாணும் வைத்த தட்டு: இந்த ஒன்பது போதும். அதற்கு மேல் செய்ய ஆசைப்படுகிறவர் மறுநாள் வீட்டில் வைத்துக் கொடுக்கட்டும்.

மொட்டையைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்கப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு மழிக்கப் பதினைந்து நிமிடம், குளிப்பாட்டி உடுத்தப் பத்து நிமிடம். மூன்று பிள்ளைக்கு முடிதிருத்துபவர் இருவர் தேவை. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடிகாணிக்கைக்குக் கட்டணம் இல்லை. பங்காளிகளே நடத்தும் குலதெய்வக் கோயிலில் ஆளைப் பேசி முன்பணம் கொடுத்துவைக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டு புது பிளேடு என்று நீங்களே வாங்கிப் போங்கள். ஒரு பிள்ளைக்குப் பயன்படுத்தியதை இன்னொரு பிள்ளைக்கு, அது உடன்பிறப்பே ஆனாலும், விடாதீர்கள். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் சில கிருமிகள் இரத்தத்தின் வழியே தொற்றும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் தலையை நன்றாக ஊறவைத்தால் கீறல் விழுவது குறையும்.

வழக்கப்படி மூத்ததற்கு முதலில் கத்தி வைக்க வேண்டும் என்பார்கள். ஆனால் கைக்குழந்தை பசியிலும் தூக்கத்திலும் காத்திருக்காது. மூன்று பிள்ளைக்கும் வயது வரிசையில் முதலில் ஒரு கற்றை முடி மட்டும் இறக்கிவிட்டு, முழு மொட்டையைச் சின்னதிலிருந்து தொடங்கினால் சாத்திரமும் கெடாது, பிள்ளையும் துவளாது. பால் கொடுத்து அரை மணி ஆகியிருக்கட்டும். குடித்த உடனே அழுதால் கக்கிவிடும். மூன்று வயதுக்கு மேற்பட்டதைத் தள்ளி விளையாட விடுங்கள். சின்னது அழுவதைப் பார்த்துவிட்டால் அப்புறம் பிடிக்க முடியாது. சந்தனத்தைக் கட்டையில் அரைத்து எடுப்பதே நல்லது, தலைக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் வேண்டும். கீறல் இருக்கும் இடத்தில் தடவாதீர்கள். வெயிலில் போகும்போது பருத்தித் தொப்பி.

காது குத்தும் ஆசாரியிடம் புது ஊசியா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அடிக்கடி நேர்கிற பிழை, இரண்டு காதிலும் துளை மேலும் கீழுமாகப் போவது. முதல் காது குத்தியதும் பிள்ளை உதறும், அடுத்தது இடம் மாறிவிடும். மாமன் மடியில் உட்காருமுன், பிள்ளை அமைதியாக இருக்கும்போதே இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைத்து, நேர் எதிரே நின்று பாருங்கள். குத்தும்போது மாமன் கையையும் உடம்பையும் பிடிக்க, இன்னொருவர் நெற்றியையும் பிடரியையும் பிடிக்க வேண்டும். தங்கம் தவிர வேறு எதையும் முதலில் போடாதீர்கள். மலிவு உலோகத்தில் இருக்கும் நிக்கல் அரிப்பைத் தரும். ஆறு வாரம் கழற்றக் கூடாது. கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீரில் கால் டீஸ்பூன் உப்புப் போட்டு, தினம் இரண்டு வேளை பஞ்சால் துடையுங்கள். வீங்கிச் சீழ் வைத்தால் மருத்துவரிடம் போங்கள், கைவைத்தியம் வேண்டாம்.

நூற்றைம்பது பேருக்குக் கறி விருந்து என்றால் அரிசி பதினெட்டுக் கிலோ, கறி இருபத்திரண்டு கிலோ. உயிரோடு இருபத்தைந்து கிலோ நிற்கும் கிடாயில் கறியாகக் கிடைப்பது பாதிக்கும் குறைவுதான். ஆகவே இரண்டு கிடாய் வாங்கினாலும் சமயத்தில் ஒன்றிரண்டு கிலோ வெளியில் வாங்க வேண்டியிருக்கும். சைவப் படையல் ஏற்கிற சாமிக்குப் பொங்கலை வேறு அடுப்பில், வேறு பாத்திரத்தில் முதலில் முடித்துவிடுங்கள்.

மொய் நோட்டு ஒன்றாக இருக்கக் கூடாது. எழுதுபவர் மேசை ஒன்றே என்றாலும் வீட்டுக்கு ஒரு நோட்டு வையுங்கள். மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டியவர் அந்தந்தத் தகப்பன். ஒரே நோட்டில் எழுதிவிட்டுப் பிற்பாடு பிரித்தால் அண்ணன் தம்பிக்குள் கணக்கு இடிக்கும். பெயர் சொல்லாமல் பொதுவாகக் கொடுக்கிறவர்களிடம், “எந்தப் பிள்ளைக்கு எழுதட்டும் அண்ணே?” என்று அங்கேயே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

பள்ளிக்குப் போன பிறகு

விஜயதசமி தானாகவே எல்லாருக்கும் பொதுவான நாள். எழுதத் தொடங்குகிற பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்காரவையுங்கள், ஆனால் பிள்ளைக்கு ஒரு தாம்பாளமும் அரைக் கிலோ பச்சரிசியும் தனித்தனியாக. ஒரே தட்டில் இருவரை எழுதவிட்டால் அரிசி தரையில்தான் இருக்கும். பெரிய பிள்ளைகள் முந்தைய நாள் பூசையில் வைத்த புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டட்டும்.

பிறந்தநாளை நட்சத்திரப்படி கோயிலிலும் தேதிப்படி வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே மாதத்தில் பிறந்த மூன்று பேருக்கு ஒரே கேக் வெட்டுவது வேண்டாம். அரைக் கிலோ கேக் போதும், அது அவரவர் நாளில் வரட்டும்.

பெண்பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டுச் செய்வதாக இருந்தால் பத்திரிகை அடிக்குமுன் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்குள் தலைக்கு ஊற்றி, மாமன் எடுத்த புடவையை உடுத்தி, புட்டு, நல்லெண்ணெய், உளுந்தங்களி கொடுத்து முடித்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் நாளில் இரண்டு பிள்ளைகள் ஒன்றாகத் தேர்வு எழுதியிருந்தால், குடும்பக் குழுவில் மதிப்பெண்ணைப் போடும் உரிமை அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கட்டும். இனிப்பு ஒரே அளவில் இரண்டு பெட்டி வாங்கி, முடிவு வருவதற்கு முந்தைய நாளே வீட்டில் வைத்துவிடுங்கள்.