பழைய டிவிக்கு மாற்று டிரான்சிஸ்டர்: கை சறுக்கும் இடங்கள்

பிக்சர் டியூப் டிவியில் கோடு கோடாகப் படம் வரைய வைப்பது லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர். அது போர்டில் இருக்கும்போதே அதன் மூன்று கால்களில் (பேஸ், எமிட்டர், கலெக்டர்) பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துவிட்டு, 'ஷார்ட், போச்சு' என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அந்த இரண்டு கால்களுக்கும் குறுக்கே, பேஸுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் இருக்கிறது. மீட்டருக்கு அது ஷார்ட் போலத்தான் தெரியும். சரி, கழற்றிப் பார்த்தால்? அப்போதும் ஏமாறலாம். பியு208டி, டி1555 போன்றவற்றில், எதிர்த்திசையில் வரும் கரண்ட்டுக்கு வழிவிடும் டேம்பர் டையோடும் பேஸ்-எமிட்டர் ரெசிஸ்டரும் உள்ளேயே உண்டு. பேஸ்-எமிட்டரில் சில பத்து ஓம் காட்டுவதும், கலெக்டர்-எமிட்டரில் ஒரு திசையில் மட்டும் கடத்துவதும் அவற்றின் இயல்பு. இரு திசையிலும் கடத்தினால்தான் அது செத்தது.

பியு208டி-யின் கடைசி எழுத்தான 'டி'யை அலட்சியம் செய்வது அடுத்த சறுக்கல். பியு208டி இருந்த இடத்தில் வெறும் பியு208ஏ-வைப் போட்டால், 1500 வோல்ட், உலோகக் கூடு, கால் அமைப்பு என எல்லாம் பொருந்தும். டேம்பர் டையோடு மட்டும் இருக்காது. போர்டில் தனியாக ஒன்று இல்லாவிட்டால் அந்த மாற்று வேலைக்கு ஆகாது.

'பெரிதாகப் போட்டால் தாங்கும்' என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதில் நானே சூடு பட்டிருக்கிறேன். பெரிய கம்ப்யூட்டர் மானிட்டரிலிருந்து எடுத்த ஒரு டிரான்சிஸ்டரை, ஆம்பியர் இரண்டு மடங்கு என்று மகிழ்ந்து, சின்ன டிவியில் போட்டேன். படம் அழகாக வந்தது. பத்து நிமிடத்தில் ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியவில்லை. அப்புறம் படமும் இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை. காரணம் எளிது. லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரின் கெய்ன், அதாவது பேஸ் கரண்ட்டைப் போல் எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்ற கணக்கு, மிகக் குறைவு. முழுக் கரண்ட்டில் பியு208-க்கு இரண்டு சொச்சம்தான் உத்தரவாதம். அதனால் பேஸுக்கே கணிசமான கரண்ட் வேண்டும். பழைய டிவியின் டிரைவர் பகுதி, அந்த டிரான்சிஸ்டருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுக்கத்தான் அமைக்கப்பட்டது. பெரிய சிப்புக்கு அது போதாமல் போனால் டிரான்சிஸ்டர் முழுதாக ஆன் ஆகாது. ஆஃப் ஆகும் நேரமும் பிசகும். 625 கோட்டு முறையில் ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ செகண்ட்; திரையில் கதிர் அடுத்த கோட்டுக்குத் திரும்பி வர அதில் சுமார் 12. இந்த நெருக்கடியில் கொஞ்சம் தாமதமானாலும் அது வெப்பமாக மாறும்.

சின்ன டிரான்சிஸ்டர்களில் கால் வரிசைதான் வம்பு. பிசி547-இல் நடுக்கால் பேஸ். சி1815-இல் நடுவில் கலெக்டர். ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) பகுதியில் வரும் பிஎஃப்199-இல் நடுவில் எமிட்டர். மூன்றும் ஒரே மாதிரி கறுப்பு அரைவட்டம்! ஈக்விவலன்ட் புத்தகம் 'இதற்கு இது' என்று சொல்லும். காலை எப்படி வளைப்பது என்று பல நேரம் சொல்லாது. டேட்டாஷீட்டைப் பார்த்தபின் மீட்டரிலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். சி1815 என்பது 2எஸ்சி1815-இன் சுருக்கம். முன்னால் உள்ள '2எஸ்'ஸை ஜப்பானியத் தயாரிப்புகளில் அச்சிடுவதில்லை. இது தெரியாமல் எண்ணைத் தேடி அலைபவர்கள் உண்டு.

பிக்சர் டியூபுக்குப் படச் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் வீடியோ அவுட்புட்டில் வோல்ட்டேஜை மட்டும் பார்ப்பது இன்னொரு பொறி. எம்ஜேஇ340 300 வோல்ட் தாங்கும், சுலபமாகக் கிடைக்கும். போட்டால் படமும் வரும். ஆனால் உள் கெப்பாசிட்டன்ஸ் அதிகம் என்பதால் மெல்லிய எழுத்துகளின் ஓரம் வலப்பக்கம் இழுபட்டு நிற்கும். அங்கே வேகமும் வேண்டும். பிஎஃப்869 போல அந்த வேலைக்கென்றே செய்ததைத் தேடுவது நல்லது.

பியு208-க்குப் பதில் பிளாஸ்டிக் கூட்டில் பியு508ஏ போடுவது நல்ல மாற்றுதான். ஆனால் அதன் உலோக முதுகு கலெக்டரோடு இணைந்தது. ஆயிரம் வோல்ட் அளவுக்குத் துடிப்பு வரும் இடம். அதற்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத மைக்காத் தகட்டை வைக்க மறந்தால் கதை அங்கேயே முடியும்.

புதிய டிரான்சிஸ்டரும் உடனே போனால் 'டூப்ளிகேட்' என்று திட்டத் தோன்றும். எண் மாற்றி அச்சடித்த போலிகள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. செத்ததை அறுத்துப் பார்த்தால் உள்ளே கடுகளவு சிப் இருப்பதைக் காணலாம். ஆனாலும் நான் முதலில் சந்தேகப்படுவது கலெக்டரில் இருக்கும் ரீட்ரேஸ் (கதிர் திரும்பும் நேரத்துக்கான) கெப்பாசிட்டரைத்தான். அதன் மதிப்பு குறைந்தால் துடிப்பு 1500 வோல்ட்டைத் தாண்டிவிடும். எந்த அசலும் தாங்காது. டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் காலில் சால்டர் விரிந்திருந்தாலும் இதே கதைதான். சப்ளையில் தொடராக ஒரு குண்டு பல்பு போட்டு முதலில் ஓட்டுங்கள். பல பழைய செட்களில் சேசிஸே மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும், பிக்சர் டியூபும் அணைத்த பிறகு சார்ஜ் பிடித்து வைத்திருக்கும் என்பதால், மின்கம்பியிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும், டியூபின் சார்ஜை வடிக்கும் டிஸ்சார்ஜும் இல்லாமல் உள்ளே கை விடாதீர்கள்.

1960களின் ஜெர்மானியம் வகையில் மட்டும், மாற்று தேடும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஏஎஃப்114 முதல் ஏஎஃப்117 வரையுள்ளவற்றின் கூட்டுக்குள் காலப்போக்கில் மயிரிழை போன்ற வெள்ளீயக் கம்பி வளர்ந்து உள்ளுறுப்பைத் தொட்டுவிடும். நான்காவது கால் ஷீல்டு, கூட்டோடு சேர்ந்தது. அதை மட்டும் வெட்டிவிட்டுப் பாருங்கள். கம்பி ஒரே இடத்தைத் தொட்டிருந்தால் அந்தப் பழைய டிரான்சிஸ்டரே மறுபடி ஓடும்.