சென்னையில் பெற்றோருக்கு ஹோம் கேர் ஏஜென்சி தேடும் புதியவர்களுக்கு

வெளிநாட்டுக்கு வந்து வாடகை வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருக்கும்போதே, சென்னையில் தனியாக இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்ற கவலையும் பலருக்குத் தொடங்கிவிடுகிறது. ஹோம் கேர் ஏஜென்சிகளுக்கு நகரில் பஞ்சமில்லை. அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது மாதக் கட்டணம் அன்று. வழக்கமாக வருபவர் வராத நாளில் யார் வருவார், எத்தனை மணிக்குள் வருவார், வீட்டு நிலவரத்தை அவருக்கு யார் சொல்லி அனுப்புவார் என்பதுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நங்கநல்லூரில் அம்மாவுடன் தங்கியிருந்த அட்டெண்டர் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிட்டார். மாற்று ஆளை உடனே அனுப்புவதாக வாக்களித்திருந்த ஏஜென்சி மூன்றாம் நாள்தான் ஒருவரை அனுப்பியது. அம்மாவுக்குச் சுகர் இருப்பதையும் அவரிடம் சொல்லவில்லை. அவர் காப்பியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுக்க, அம்மாவும் வாயைத் திறக்காமல் சந்தோஷமாகக் குடித்திருக்கிறார்.

அடுத்து, 'நர்ஸ்' என்ற சொல்லைச் சில ஏஜென்சிகள் தாராளமாகப் புழங்குவதைக் கவனியுங்கள். ஜிஎன்எம் என்ற நர்ஸிங் டிப்ளமோ 3 ஆண்டுப் படிப்பு, பிஎஸ்சி நர்ஸிங் 4 ஆண்டுப் படிப்பு; படித்து முடித்தவர் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். குறுகிய காலப் பயிற்சியோடு வருபவர் அட்டெண்டர். குளிப்பாட்டவும் டயப்பர் மாற்றவும் கைபிடித்து நடத்தவும் அட்டெண்டர் போதும். அதற்கு நர்ஸுக்கான பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், ஊசி என்று வந்துவிட்டால் மட்டும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படுக்கையிலேயே இருப்பவர் என்றால் ஏஜென்சியின் தரத்தை அவருடைய முதுகும் இடுப்பும் குதிகாலுமே சொல்லிவிடும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதலில் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். ஊரில் இருக்கும் சித்தியையோ அண்ணியையோ வாரம் ஒருமுறை, சொல்லாமல் போய், அந்த இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் தலை சீவிப் பவுடர் பூசிய முகம் மட்டுமே நமக்குத் தெரியும்.

தினசரிக் குறிப்பேட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த ஒரு பக்கத்தில் ஏழு நாள் பிபியும் 130/80. ஏழு வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு. சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருக்கிறார்கள். ஏஜென்சியின் மேற்பார்வையாளர் நேரில் வந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. ஆகவே மேற்பார்வையாளர் மாதம் எத்தனை முறை வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் போலீஸ் சரிபார்ப்பு, அட்வான்ஸைத் திருப்பித் தரும் விதம், பெற்றோர் மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கான கட்டணம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நாம் கொடுப்பதில் அட்டெண்டர் கைக்கு எவ்வளவு போகிறது, எந்தத் தேதியில் போகிறது என்பதையும் கேட்பதில் தவறில்லை. சம்பளம் இழுத்தடிக்கப்படும் இடத்தில் யாரும் நிலைக்க மாட்டார்கள். இரண்டு மாதத்தில் நான்கு முகம் மாறினால் மறதி நோயுள்ள ஒருவர் வீட்டுக்குள்ளேயே மிரண்டுபோவார்.

சென்னையில் காலை 8 மணிக்கு ஆள் மாறும்போது, உதாரணமாக டொராண்டோவில், கோடையில் முந்தைய இரவு பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அந்த நேரத்தில் ஒரு போன் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கான 108, முதியோர் உதவிக்கான 14567, சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டு மாமியின் எண் ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.